காய்ச்சலை மறைத்த பிள்ளையும் இப்னு ஜுபைர் கண்ட அலெக்சாந்திரியாவும்



ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். வரும் ஓகஸ்ட் விடுமுறையில் வதிவிடப் பாடநெறி தொடங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசிரியர்கள் நாங்கள் பேசி முடிவெடுத்தோம்.

போன வருடம் நடந்த பாடநெறி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று கிழமை நடந்தது. மாலைதீவிலிருந்தும், இங்கிலாந்திலும் கட்டாரிலும் இருக்கும் நம்மவர்களின் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கினார்கள். எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கட்டில் போட்டோம், நுளம்பு வலை கட்டினோம், நேரசூசி ஒட்டினோம். இருபது விதிகளை அச்சடித்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்தோம். ஏதாவது பிரச்சினை என்றால் அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவித்தோம்.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு பிள்ளை வரவில்லை. மாலைதீவுப் பிள்ளை, வயது 12. சமையலுக்கு வரும் ராத்தாதான் அதைக் கவனித்து, அறைக்குப் போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். உடம்பு கொதித்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் இருந்திருக்கிறது. கொண்டுவந்த பையைக்கூட அவன் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றான். அலுவலகம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அங்கே அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சுகமானான். ஆனால் எங்களுக்கு அது பெரிய வெட்கம். இனி வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்க வேண்டாம், பொறுப்புக் கூட என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன், நமக்கு முன்னிருந்தவர்கள் இந்தப் பொறுப்பை எப்படிச் சுமந்தார்கள் என்று தேடிப் பார்த்தோம். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்த வரலாறு பெரும்பாலும் மன்னர்களும் போர்களும்தான். இந்தப் பக்கத்தை அங்கே நாங்கள் படிக்கவில்லை.

முதலில் இப்னு ஜுபைர். அந்தலூஸின் வலன்சியாவில் பிறந்து, கிரனாடாவில் ஆளுநரிடம் எழுத்தராக இருந்தவர். 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, ஜெனோவாக்காரர்களின் கப்பலில் சுமார் ஒரு மாதம் பயணம் செய்து எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இறங்கினார். அப்போது அங்கே ஆட்சி ஸலாஹுத்தீன் அய்யூபியுடையது. தான் கண்டதையெல்லாம் இப்னு ஜுபைர் எழுதி வைத்தார்.

துறைமுகத்தில் அவருக்குக் கிடைத்தது நல்ல வரவேற்பு அல்ல. சுங்க அதிகாரிகள் பயணிகளை ஒவ்வொருவராக நிறுத்திப் பெயர் எழுதினார்கள். மூட்டைகளைக் கலைத்தார்கள், உடம்பைத் தடவிச் சோதித்தார்கள், வேறு ஏதும் இல்லை என்று சத்தியம் வாங்கினார்கள். சன நெருக்கடியில் பலரின் பொருட்கள் காணாமல் போயின. இது ஸுல்தானுக்குத் தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பார் என்று மனம் நொந்து எழுதுகிறார்.

அதே மனிதர் அதே ஊருக்குள் போனபின் எழுதியது வேறு. தூர நாடுகளிலிருந்து அறிவு தேடி வருபவர்களுக்காக அங்கே மத்ரஸாக்களும் தங்குமிடங்களும் இருந்தன. வருகிற ஒவ்வொருவருக்கும் தங்க ஓர் இடம், அவர் விரும்பும் துறையைச் சொல்லித்தர ஓர் ஆசிரியர், செலவுக்கு ஒரு தொகை. குளிப்பதற்கு ஹம்மாம்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. நோயுற்றால் பார்க்க வைத்தியசாலையும் வைத்தியர்களும் இருந்தார்கள். மஃரிபிலிருந்து வரும் வழிப்போக்கர்களுக்கு ஆளுக்கு இரண்டு ரொட்டி தினமும் கிடைத்தது.

இவற்றையெல்லாம் வாசித்துக்கொண்டே போன நாங்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டோம். வைத்தியசாலைக்கு வரக் கூச்சப்படும் வெளியூர்க்காரர்கள் இருப்பார்கள் என்று அந்த ஊர் முன்கூட்டியே நினைத்திருந்தது. அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்து, நிலைமையை வைத்தியரிடம் சொல்வதற்கென்றே ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள்.

எண்ணூறு வருடங்களுக்கு முந்திய ஏற்பாடு இது. நாங்கள் அலுவலகத்தைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அவர்கள் ஆள் அனுப்பினார்கள்.

அடுத்தது கெய்ரோவின் அல்-அஸ்ஹர். 10ஆம் நூற்றாண்டில் பாத்திமிகள் கட்டிய பள்ளிவாசல் அது. காலப்போக்கில் உலகின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து தங்கிப் படித்தார்கள். அவர்களுக்கென்று ரிவாக் என்ற பகுதிகள் இருந்தன. மஃரிபியருக்கு ஒன்று, ஷாம் நாட்டவருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, ஜாவாக்காரருக்கு ஒன்று, ஆபிரிக்கக் கொம்புப் பகுதியிலிருந்து வந்த ஜபர்த்திகளுக்கு ஒன்று. எகிப்தின் தென்பகுதியிலிருந்து வந்தவர்களுக்கும் தனி ரிவாக் இருந்தது. ஒவ்வொரு ரிவாக்குக்கும் ஒரு ஷெய்க். கெய்ரோவின் பெயர்பெற்ற வரலாற்றாசிரியர் அல்-ஜபர்த்தியின் முன்னோர்கள் ஜபர்த்தி ரிவாக்கின் ஷெய்க்மாராக இருந்தவர்கள்.

இதன் பயனை யோசித்துப் பாருங்கள். புதிதாக வருகிற பிள்ளைக்கு முதல் இரவே தன் பாஷை பேசும் ஆட்கள் கிடைத்தார்கள். எங்கே தண்ணீர், எந்த ஆசிரியர் எந்தத் தூணடியில் பாடம் நடத்துவார், ரொட்டி எப்போது தருவார்கள் என்று சொல்லித்தர முன்பே வந்த ஒருவர் இருந்தார். ஆனால் பாடம் தனித்தனி அல்ல. ஆசிரியரைச் சுற்றி அமரும் ஹல்காவில் ஜாவாக்காரரும் மஃரிபியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். தங்குவது தன் ஆட்களோடு, படிப்பது எல்லோரோடும்.

இதையெல்லாம் குறையே இல்லாத காலம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ரிவாக்குகளுக்கிடையே சண்டைகளும் நடந்தன. அல்-ஜபர்த்தியே அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். ரொட்டி வந்தது வக்பு வருமானத்திலிருந்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மத் அலி பாஷா வக்பு நிலங்களில் பெரும்பகுதியை அரசுக்கு எடுத்துக்கொண்டார். 1836இல் நூல் வெளியிட்ட எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், அதனால் மாணவர்களின் தொகையே குறைந்துவிட்டது என்று எழுதுகிறார். நல்ல மனசு மட்டும் போதாது, அதற்குப் பின்னால் ஒரு வருமானமும் வேண்டும்.

இன்னொரு கசப்பான சம்பவமும் உண்டு. 1896இல் எகிப்தில் கொலரா பரவியபோது ஷாம் ரிவாக்கில் ஒரு மாணவர் நோயுற்றார். சுகாதார அதிகாரிகள் அவரைக் கொண்டுபோக வந்தார்கள். சக மாணவர்கள் விடவில்லை. கொண்டுபோனால் திரும்பி வரமாட்டார் என்ற பயம். வாக்குவாதம் கல்வீச்சாகி, பொலிஸார் துப்பாக்கியால் சுட்டார்கள். உயிர்கள் போயின. அலெக்சாந்திரியாவில் வைத்தியரின் ஆள் தேடிப் போய்ப் பார்த்தார். இங்கே அதிகாரிகள் கொண்டுபோகத்தான் வந்தார்கள். நோய் வந்த பிறகு நம்பிக்கையைத் தேட முடியாது.

சொந்த நாட்டுக்குள்ளேயே இடம் மாறினாலும் தனிமை சுடும். பார்வையற்ற தாஹா ஹுஸைன் 1902இல், சுமார் 13 வயதில், கிராமத்திலிருந்து அல்-அஸ்ஹருக்குப் படிக்க வந்தார். மூத்த சகோதரர் மாலையில் நண்பர்களிடம் போய்விடுவார். இருட்டறையில் தனியே இருந்த அந்த மணித்தியாலங்களைப் பிற்காலத்தில் ‘அல்-அய்யாம்’ என்ற தன் நூலில் எழுதினார். 1914இல் அவரே வெளிநாட்டு மாணவராகப் பிரான்ஸுக்குப் போனார். அங்கே அவருக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டிய பெண்ணையே பின்பு திருமணம் செய்தார். அவர் 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சரானார். தனியே விடப்பட்ட பிள்ளைகளுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

அல்-அஸ்ஹரில் சில வருடம் படித்த இன்னொருவரை நமது நாட்டு முஸ்லிம்கள் நன்றாக அறிவார்கள். ஒராபி பாஷா. எகிப்தியக் கிராமம் ஒன்றிலிருந்து சிறுவனாக அங்கே போனவர். 1882இல் பிரித்தானியரிடம் தோற்று, மற்றத் தலைவர்களோடு இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார். அரசின் கணக்கில் அவர் கைதி. நம்மவர்கள் அப்படிப் பார்க்கவில்லை, தேடிப் போய்ப் பழகினார்கள். கொழும்பிலும் பிறகு கண்டியிலுமாக 1901 வரை நம்மோடு இருந்தார். சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் கல்வி முயற்சிக்குத் துணை நின்றார். 1892இல் மருதானையில் தொடங்கிய அந்தப் பாடசாலைதான் பின்னர் ஸாஹிராக் கல்லூரியானது. அந்நியராக வந்தவரைத் தேடிப் போனதால் நமக்குக் கிடைத்தது என்ன என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஆகவே வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்க வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். பொறுப்புக் கூட என்பது உண்மை. போன முறை நாங்கள் தவறியதும் உண்மை. அதற்காகக் கதவை மூட மாட்டோம், ஆள் அனுப்புவோம்.

இம்முறை செய்யப்போவது:

வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூத்த மாணவர் ஒருவர் நானாவாக இருப்பார். பிள்ளை வருவதற்கு முன்பே தொலைபேசியில் பேசிப் பழகியிருப்பார்.

முதல் மூன்று இரவு ஒரே பாஷைப் பிள்ளைகள் ஒரே அறையில். வகுப்பும் விளையாட்டும் முதல் நாளிலிருந்தே எல்லோரோடும்.

தினமும் இஷாவுக்குப் பிறகு ஆசிரியர் இருவர் அறை அறையாகப் போவார்கள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, வீட்டுக்குப் பேசினாயா என்று கேட்பார்கள். பிள்ளை வந்து சொல்லும் வரை காத்திருக்க மாட்டோம்.

உங்களிடம் கேட்பது மூன்று. மாலேயில் வேலை செய்து வந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் மாலைதீவுப் பாஷை பேசக்கூடிய இரண்டு பேர் முதல் கிழமை மட்டும் மஃரிபுக்குப் பிறகு விடுதிக்கு வந்தால் போதும். அடுத்தது, வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாட்டுக்கு இரண்டு இரண்டு பிள்ளைகளை அழைத்துப் போக வீடுகள் வேண்டும். விருந்து வேண்டாம், வீட்டில் ஆக்குவதே போதும், உறைப்பை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். கடைசியாக, மருந்துச் செலவுக்கு ஒரு சிறு நிதி. ரொட்டி நின்றால் என்ன நடக்கும் என்று அல்-அஸ்ஹரின் கதையில் பார்த்தோம்.

போன வருடம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை இம்முறையும் பெயர் பதிந்திருக்கிறான். அவனுடைய வாப்பா தொலைபேசியில் நேரசூசியைப் பற்றிக் கேட்கவில்லை, கட்டணத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அந்தச் சமையல் ராத்தா இந்த வருடமும் இருப்பாரா என்று மட்டும்தான் கேட்டார். இருப்பார் என்று சொன்னோம். அவர் ஒருவர் போதாது என்பதற்காகத்தான் உங்களுக்கு இதை எழுதினோம்.

வஸ்ஸலாம்.