அமிலம், காரம், சிவகாசி

பிளஸ் டூ வேதியியலில் அயனிச் சமநிலை என்ற பாடம் வந்தாலே பலருக்குத் தலைசுற்றும். அமிலம், காரம், பி.எச்., தாங்கல் கரைசல்... பரீட்சைக்கு இரண்டு கணக்கு, ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி, அதோடு மறந்துவிடலாம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் இந்தப் பாடத்தை மறந்தால் உயிரே போகக்கூடிய ஊர் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசிதான் அது. பட்டாசுக்கும் பி.எச்.சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

1923-இல் நடந்த இரண்டு விஷயங்கள்

சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை குறைவு, விவசாயம் நிச்சயமில்லை. இந்த ஊரிலிருந்து உறவினர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். வறண்ட காற்றும் வருடம் முழுவதும் அடிக்கும் வெயிலும் விவசாயத்துக்குச் சாபமாக இருந்தன. தீக்குச்சி காய வைக்க அவையே வரமாகிவிட்டன!

அதே 1923-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் வேறொன்று நடந்தது. டென்மார்க்கில் பிரான்ஸ்டெட், இங்கிலாந்தில் லௌரி என்ற இரண்டு வேதியியலாளர்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். புரோட்டானைக் கொடுப்பது அமிலம், அதை வாங்கிக்கொள்வது காரம். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருக்கும் என்பதால் அது ஒரு சமநிலை. அமெரிக்காவின் லூயிஸ் தன் எலக்ட்ரான் ஜோடிக் கருத்தைச் சொன்னதும் அதே ஆண்டுதான். கோபன்ஹேகனுக்கும் சிவகாசிக்கும் இடையே கடிதப் போக்குவரத்து ஏதும் இல்லை. ஆனாலும் அவர்கள் எழுதிய விஷயம் சிவகாசியின் தீக்குச்சித் தலையில் ஏற்கெனவே இருந்தது.

அமிலம் பற்ற வைத்த தீ

தீக்குச்சியின் தலையில் இருக்கும் முக்கியமான பொருள் பொட்டாசியம் குளோரேட். 1780-களில் பிரான்சின் பெர்தோலே இதைத் தயாரித்தார். வெடியுப்புக்குப் பதிலாக இதைப் போட்டு வெடிமருந்து செய்யலாம் என்று 1788 அக்டோபரில் எஸ்ஸோன் என்ற ஊரில் சோதனை நடந்தது. கலவை வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். கூட வந்திருந்த பெர்தோலேயும் லவாய்சியேயும் உயிர் தப்பினார்கள்.

1805-இல் பாரிசில் ழான் சான்செல் ஒரு புதுத் தீக்குச்சி செய்தார். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், சர்க்கரை, கந்தகம். அதை உரச வேண்டியதில்லை, கந்தக அமிலத்தில் தொட்டு எடுத்தால் போதும், தானே தீப்பிடிக்கும். காரணம் என்ன? அமிலம் பட்டதும் குளோரேட்டிலிருந்து குளோரிக் அமிலம் உண்டாகிறது. அது நிலைத்து நிற்காத பொருள். சிதைந்து குளோரின் டை ஆக்சைடு என்ற வாயுவாகிறது. அந்த வாயு கந்தகத்தையோ சர்க்கரையையோ தொட்டவுடன் பற்ற வைத்துவிடும்.

சான்செல் இந்த அமிலத்தை வேண்டுமென்றே தொட்டார். பிரச்சினை என்னவென்றால், அது கூப்பிடாமலும் வரும். கந்தகம் ஈரக் காற்றில் மெதுவாக ஆக்சிஜனேற்றம் அடைந்து தன் மேற்பரப்பில் துளித்துளியாக அமிலத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட கந்தகத்தைக் குளோரேட்டுடன் கலந்து வைத்தால், உரசாமல், தட்டாமல், யாரும் பக்கத்தில் இல்லாமலேகூட அது பற்றிக்கொள்ளலாம். உண்டாகும் வாயு வினையிலிருந்து விலகிவிடுவதால் வினை மேலும் மேலும் வலப்பக்கமே நகரும். வகுப்பில் படிக்கும் லீ சாட்லியர் கொள்கை இங்கே மருந்து அறைக்குள் வேலை செய்கிறது.

பிரிட்டன் 1894-லேயே பட்டாசில் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையைத் தடை செய்தது. இந்தியாவில் அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது. 1992 ஜனவரி 27 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை, கந்தகத்துடன் குளோரேட் கலந்த வெடிபொருளைத் தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடை செய்தது. சிவகாசியின் பட்டாசுத் தொழில் 1940-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு உரிமம் பெற்ற ஆலைகளாக வளர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், தொழில் அரை நூற்றாண்டு கண்ட பிறகே இந்தத் தடை வந்தது.

அப்படியானால் தீக்குச்சி?

தீக்குச்சித் தலையில் இன்றும் குளோரேட்டும் கந்தகமும் ஒன்றாகத்தானே இருக்கின்றன, அது ஏன் பெட்டிக்குள் தானாகப் பற்றுவதில்லை? வஜ்ஜிரம் என்ற பசை துகள்களைச் சுற்றிப் பூசிப் பிரித்து வைக்கிறது. அத்துடன் துத்தநாக ஆக்சைடு, சுண்ணாம்புக்கல் பொடி போன்றவையும் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. இவை காரத்தன்மை கொண்டவை. கந்தகத்தில் அமிலம் துளிர்க்கும்போதே அதை நடுநிலையாக்கிவிடும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சிவப்பு பாஸ்பரசும் ஈரத்தில் பாஸ்பாரிக் அமிலமாக மாறக்கூடியது. அங்கேயும் சுண்ணாம்புதான் காவல். ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி இல்லையென்றால் கடையில் அடுக்கிய தீப்பெட்டிகளை நம்ப முடியாது.

காரமும் ஆபத்துதான்

அமிலம் ஆபத்து என்றால் காரத்தைக் கொட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் அடுத்த சிக்கல். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரம் எல்லாவற்றிலும் பளபளக்கும் பொறிக்கு அலுமினியப் பவுடர் வேண்டும். உடன் இருப்பது நைட்ரேட் உப்பு. தொழிலில் 'பச்சை உப்பு' எனப்படும் பேரியம் நைட்ரேட் நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டது.

அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. அது ஈரியல்பு கொண்டது, அதாவது அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பி.எச். 4-லிருந்து 8.5 வரைதான் அது பத்திரமாக இருக்கும். நைட்ரேட்டும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்து, காரத்தன்மை சற்று ஏறிவிட்டால் படலம் கரைகிறது. உள்ளே இருக்கும் உலோகம் நைட்ரேட்டைத் தாக்கி அம்மோனியாவாக மாற்றுகிறது. அம்மோனியாவே ஒரு காரம்! அது பி.எச்.சை இன்னும் ஏற்றுகிறது, வினை இன்னும் வேகமாகிறது, வெப்பம் கூடுகிறது. ஈரக் கலவையிலிருந்து அம்மோனியா நெடி வந்தால் உள்ளே இது தொடங்கிவிட்டது என்று பொருள். குவித்து வைத்த கலவை சூடேறித் தானே தீப்பிடிக்கவும் கூடும்.

இதைத் தடுக்கச் சேர்ப்பது போரிக் அமிலம், நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. கேரம் பலகையில் தூவுகிறார்களே, அதே பொடிதான். வலிமையான அமிலம் எதையாவது போட்டால் அதுவே அலுமினியத்தைத் தின்றுவிடும். போரிக் அமிலமோ மிக மிக வலுக்குறைந்தது. 0.1 மோலார் கரைசலில் சுமார் 13,000 மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் ஹைட்ரஜன் அயனியை வெளிவிடுகிறது. அப்போது பி.எச். ஏறத்தாழ 5.1, படலத்தின் பாதுகாப்பு எல்லைக்குள்தான். அம்மோனியா உண்டானால், மீதமிருக்கும் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து அதை வாங்கிக்கொள்கின்றன. வலுக்குறைந்ததாக இருப்பதுதான் இங்கே அதன் பலம். இன்னொரு சுவையான விஷயம், போரிக் அமிலம் தன் புரோட்டானைக் கொடுப்பதில்லை, நீரிடமிருந்து ஹைட்ராக்சைடை வாங்கிக்கொள்கிறது. 1923-இல் லூயிஸ் சொன்ன வகை அமிலம் இது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. உப்பு மாறினாலும் வேதியியல் மாறாது. பொட்டாசியம் நைட்ரேட்டும் நைட்ரேட்தான், அலுமினியமும் அதே அலுமினியம்தான்.

யாருக்குத் தெரிய வேண்டும்?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் மாவட்டத்தில் விபத்துச் செய்தி இல்லாத ஆண்டு இல்லை. எல்லா விபத்துக்கும் அமிலமோ காரமோதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உராய்வு, வெப்பம், அனுமதித்ததைவிட அதிகமான மருந்து, ஒரே அறையில் அதிக ஆட்கள் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் உராய்வையும் வெப்பத்தையும் கண்ணால் பார்க்கலாம், கையால் உணரலாம். பி.எச். அப்படி இல்லை. முந்தைய நாள் மிச்சம் வைத்த ஈர மருந்து மறுநாள் காலையில் எந்த நிலையில் இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. தீபாவளி வேலை உச்சத்தில் இருக்கும் ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

மிச்ச மருந்தை இரவு வைக்காதே, நெடி வந்தால் விலகு, ஒரு மருந்துக்கான சல்லடையை இன்னொன்றுக்கு எடுக்காதே. இந்தக் கட்டளைகளை ஏன் என்று தெரியாமல் கேட்பவர், அவசர நாளில் மீறிவிடக்கூடும். காரணம் புரிந்தவர் மீறத் தயங்குவார். விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிகளில் அயனிச் சமநிலை படிக்கும் பிள்ளைகள் பலரின் அம்மாவோ அப்பாவோ அந்த நேரத்தில் மருந்து அறையிலோ திரி அறையிலோ வேலை செய்துகொண்டிருப்பார்கள். அந்தப் பாடத்தைச் சாயங்காலம் வீட்டில் போய்ச் சொன்னாலே போதும், ஐந்து மதிப்பெண்ணைவிடப் பெரிய பலன் கிடைக்கும்.