மூலையில் மாட்டிய மந்திரி

2024 டிசம்பர் 12 இரவு. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கைபேசியில் குகேஷின் பதினான்காவது ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் நடந்தது இதே ஊரில், செந்தோசாவில். 55ஆவது நகர்வில் டிங் லிரன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். திரையின் ஓரத்தில் யாருக்குச் சாதகம் என்று காட்டும் பட்டை மளமளவென்று கறுத்தது. "ஐயோ, போச்சு!" என்று கத்திவிட்டேன்.

எதிரில் கப்பல்பட்டறையில் வேலை செய்யும் ஒரு அண்ணன், தஞ்சாவூர்க்காரர். "ஏன் தம்பி, என்ன தப்பு பண்ணான்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பட்டை கறுத்தது, அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறும்போதெல்லாம் மூன்று நிமிட ஆட்டம் ஆடுகிறவன் நான். சிசிலியன் திறப்பு பதினைந்து நகர்வு வரை மனப்பாடம். தரப்புள்ளி மட்டும் 1300ஐத் தாண்டி நகரவே இல்லை. அன்று ராத்திரிதான் படிப்புத் திட்டம் ஒன்று போட வேண்டும் என்று தோன்றியது. திட்டம் போடுவதற்கு முன், இவர்களெல்லாம் எப்படிப் படித்தார்கள் என்று தேடப் போனேன்.

மானுவல் ஆரோன் 1935இல் பர்மாவின் டவுங்கூவில் பிறந்தவர், தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அடுத்த வருஷம் ஸ்டாக்ஹோம் போட்டியில் 23 பேரில் கடைசி இடம். ஆனால் அதே போட்டியில் போர்டிஷையும் உல்மனையும் தோற்கடித்தார்! அந்தக் கடைசி இடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். பெரிய ஆட்டக்காரர்களை ஜெயிக்கத் திறமை போதும், ஆனால் 22 ஆட்டம் தாக்குப்பிடிக்கப் பழக்கம் வேண்டும், கூடப் பயில ஆள் வேண்டும். 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப்பை அவர் தொடங்கியதை இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன்.

அந்த கிளப்பில் ஆடிய சின்னப் பையன்தான் விஸ்வநாதன் ஆனந்த். அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, அங்கே மத்தியானம் தொலைக்காட்சியில் செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா சுசீலா ஆட்டங்களையும் அன்றைய புதிரையும் எழுதிவைப்பார். சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். பையன் ஜெயித்துக்கொண்டே இருக்க, கடைசியில் "வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கோ, இனிமே விடை அனுப்பாதே" என்கிற மாதிரி சொல்லிவிட்டார்களாம். அவர் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

குகேஷிடம் வரும்போது கணினி எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆனால் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் கிட்டத்தட்ட 2500 புள்ளியைத் தொடும்வரை கணினி எஞ்சினைத் தொடவிடவில்லை. ஆரோன் காலத்தில் இல்லாத ஒன்றை இவர் வேண்டுமென்றே இல்லாமல் செய்தார். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் அந்த நகர்வை நிஜப் பலகையில் அடுக்கிப் பார்த்தேன், கைபேசியைப் பையில் போட்டுவிட்டு. யானைகள் வெட்டுப்பட்டன. குகேஷ் மந்திரியை நடுவில் கொண்டுவர, மூலையில் நின்ற டிங்கின் மந்திரிக்குத் தப்ப வழியில்லை, அதுவும் வெட்டுப்பட வேண்டியதுதான். மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். கறுப்புக்கு இரண்டு சிப்பாய், வெள்ளைக்கு ஒன்று. ராஜாக்கள் ஒரு கட்டம் இடைவெளியில் நேருக்கு நேர் நிற்கிறார்கள், நகர வேண்டியது வெள்ளை. யார் நகர வேண்டுமோ அவர் விலகி வழிவிட்டாக வேண்டும். டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். காபாபிளாங்கா 1921இல் ஆரம்பநிலைக்காரர்களுக்கு எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே சிப்பாய் இறுதியாட்டம் உண்டு. நான் 'போர்' என்று தாண்டிப்போன பாடம்! பதினெட்டு வயதில் உலகப் பட்டம் அதில் முடிந்திருக்கிறது.

என் திட்டம் ஒரு நோட்டில் இருக்கிறது. ரயிலில் ஆட்டம் கிடையாது. வேலை முடிந்து தினம் அரைமணி, ராஜாவும் சிப்பாயும் மட்டும். வாரத்துக்கு ஒரு நீண்ட ஆட்டம். எங்கே தப்பினேன் என்று கையால் எழுதின பிறகுதான் எஞ்சின். திறப்புகள் மூன்று மாசத்துக்கு லீவு.

மூணு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே கடையில் அண்ணனுக்குப் பலகையை விரித்து அந்த முடிவை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஒரு சிப்பாயை எடுத்து ஒரு கட்டம் பின்னால் வைத்தார்.

"சரி, இது இங்க நின்னிருந்தா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் கணக்குப் போட ஆரம்பித்தேன்.