ஸாபிஸு என்றால் இலவசம்

ஜப்பானிய மொழியில் ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள் ஏராளம். அவற்றைக் கதகானா என்னும் தனி எழுத்தில் எழுதுவார்கள். ஆகவே வெளியூர்ச் சொல் என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். பொருள் மாறியிருப்பதுதான் தெரியாது. அப்படி ஒரு சொல் 'ஸாபிஸு'. (தம்பியில் வரும் 'பி'.) வேறொன்றுமில்லை, நம் சர்வீஸ்தான்.

தமிழிலும் வண்டியை சர்வீஸுக்கு விடுகிறோம்; முப்பது வருட சர்வீஸ் முடித்து ஓய்வு பெறுகிறோம். ஜப்பானிலோ அன்றாடப் பேச்சில் அதற்கு இலவசம் என்றும் ஒரு பொருள் உண்டு. உணவு விடுதிக்காரர் நீங்கள் கேட்காத ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்து "ஸாபிஸு" என்றால், அதற்குக் காசு வேண்டாம் என்று அர்த்தம். நகோயா பக்கத்துக் காப்பிக் கடைகளில் காலையில் காப்பி வாங்கினால், அதே விலைக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் வரும். அது 'மோனிங்கு ஸாபிஸு'. விடுமுறையன்று அப்பா மனைவி மக்களை வெளியே கூட்டிப்போனால் 'கஸொகு ஸாபிஸு', அதாவது குடும்பச் சேவை!

மென்பொருள் துறையில் இருக்கும் எனக்கு உறுத்துவது 'ஸாபிஸு ஸங்க்யோ'. ஸங்க்யோ என்றால் ஓவர்டைம். ஸாபிஸு சேர்ந்தால் சம்பளமில்லாத ஓவர்டைம். கடைக்காரர் தன் விருப்பப்படி கொடுக்கிறார். ஊழியருக்கு அந்த விருப்பம் கிடையாது. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே சொல். ஊழியர்களே இதைக் கசப்பான கிண்டலோடுதான் சொல்வார்கள்.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் 37ஆவது பிரிவின்படி, ஓவர்டைமுக்கு வழக்கமான கூலியைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தரவேண்டும். 2018இல் திருத்திய சட்டம் 2019 ஏப்ரலில் பெரிய நிறுவனங்களிலும் 2020 ஏப்ரலில் சிறியவற்றிலும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பொதுவான உச்சவரம்பு மாதத்துக்கு 45 மணி, ஆண்டுக்கு 360 மணி. ஆனால் கணக்கில் ஏறாத மணியை எந்த வரம்பு பிடிக்கும்?

தொழிலாளர் நல அமைச்சகத்தின் ஆவணங்களில் இதற்கு வேறு பெயர்: 'சிங்கின் ஃபுபராய் ஸங்க்யோ'. கூலி தராத ஓவர்டைம் என்று பொருள். அதில் ஆங்கிலமும் இல்லை, பூசி மெழுகலும் இல்லை. ஸாபிஸு என்றதும் ஊழியர் அன்பளிப்பு தருவதுபோல் இருக்கிறது. அமைச்சகத்தின் பெயரிலோ முதலாளி தரவேண்டிய பாக்கி தெரிகிறது. ஜப்பானுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் இந்த இரண்டாவது பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.