மறைமாவட்டம் தேடிய குரு: தனிநாயகம் அடிகளாரின் அழைத்தலும் பணிகளும்

தனிநாயகம் அடிகளார் என்றதும் உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளே தமிழர் நினைவுக்கு வருகின்றன. மேடைகளில் அவர் தமிழ்த்தூதர். 1938 முதல் 1980 வரை 42 ஆண்டுகள் அவர் கத்தோலிக்கக் குருவாக வாழ்ந்தார் என்ற செய்தியை யாரும் நின்று பார்ப்பதில்லை. திருச்சபை வட்டாரத்திலும் குறை வேறு விதமாக இருக்கிறது. நம் குரு ஒருவர் தமிழுக்குத் தொண்டாற்றினார் என்று பெருமைப்படுகிறோம். அத்தொண்டு அவருடைய குருத்துவத்தின் பகுதியா, அல்லது குருத்துவத்துக்கு அப்பால் அவர் செய்த வேறொரு வேலையா என்று கேட்பதில்லை. அவருடைய அழைத்தல் சென்ற பாதையை ஊர் ஊராகப் பின்தொடர்ந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

கரம்பனிலிருந்து உரோமுக்கு

1913 ஆகஸ்ட் 2-ஆம் நாள் யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் சேவியர் ஸ்டனிஸ்லாஸ் பிறந்தார். தனிநாயகம் என்பது அவர் பின்னாளில் விரும்பி ஏற்ற குடும்ப மூதாதையின் பெயர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். இரண்டும் ஆங்கிலவழிக் கல்வி தந்த நிறுவனங்கள். தமிழ் அவருக்கு வீட்டு மொழியாகவும் செப மொழியாகவும் இருந்ததே தவிர, படித்துத் தேர்ந்த மொழியாக இல்லை. 1931-இல் கொழும்பு புனித பெர்னார்து குருமடத்தில் சேர்ந்து மெய்யியல் பயின்றார்.

முதல் திருப்பம் அங்கேதான் வந்தது. திருச்சபைச் சட்டப்படி, ஒரு மறைமாவட்டத்தையோ துறவற சபையையோ சாராமல் எவரும் குருவாக இருக்க முடியாது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, எங்கும் சேராமல் அலையும் குருக்களுக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே கூறியது. யாழ்ப்பாண மறைமாவட்டமோ அப்போது அமலமரித் தியாகிகள் சபையின் பொறுப்பில் இருந்தது. ஆயரும் அச்சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். மறைமாவட்டக் குருவாகப் பணியாற்ற விரும்பிய இந்த இளைஞருக்குச் சொந்த மண்ணில் வழி திறக்கவில்லை. திருவனந்தபுரம் மறைமாவட்டத்தின் மாணவராக 1934-இல் உரோமுக்குச் சென்று உர்பானியா பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றார். 1938 மார்ச் 19, புனித யோசேப்பு திருநாளன்று குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வு மூன்றாம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்கத் திருச்சபையைப் பற்றியது. புனித சிப்பிரியான் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த காலத்தில் அந்நகரக் குருக்கள் எப்படி வாழ்ந்தார்கள், ஆயரோடும் மக்களோடும் அவர்களுக்கு இருந்த உறவு என்ன என்பதை இலத்தீன் மூலங்களிலிருந்து திரட்டி எழுதினார். எந்த மறைமாவட்டத்தில் நிலைகொள்வது என்பது தன் வாழ்விலேயே கேள்வியாக இருந்த ஒருவர், குருக்களுக்கும் தலத்திருச்சபைக்கும் உள்ள பிணைப்பை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது பொருத்தமாகவே படுகிறது.

வடக்கன்குளத்தில் ஒரு மாணவர்

உரோமிலிருந்து திரும்பியவரைத் தூத்துக்குடி மறைமாவட்டம் ஏற்றுக்கொண்டது. 1923-இல் உருவான அந்த இளம் மறைமாவட்டத்தின் ஆயர் திபூர்சியுஸ் ரோச், முத்துக்குளித்துறை மண்ணின் மைந்தர். இலத்தீன் வழிபாட்டு முறையில் மறைமாவட்டப் பொறுப்பேற்ற முதல் இந்திய ஆயர்களில் ஒருவர். இலங்கையில் பிறந்து, கேரள மறைமாவட்டத்தின் பெயரில் படித்து, உரோமில் பட்டம் பெற்று வந்தவரை அவர் வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். 1940 முதல் 1945 வரை அங்கே புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியராக அடிகளார் பணியாற்றினார்.

வடக்கன்குளம் எளிய ஊர்தான், வரலாறோ கனமானது. இன்று புனிதராக வணங்கப்படும் தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. ஒரே ஆலயத்துக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரித்து நிறுத்திய சுவர் 1910-இல் இடிக்கப்பட்ட ஊரும் அதுவே. அங்கேதான், இலத்தீனும் இத்தாலியமும் சரளமாகப் பேசிய இந்த முனைவர் தமிழுக்கு மாணவரானார். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். பிராமணப் பண்டிதர் ஒருவரிடம் கத்தோலிக்கக் குரு முறையாகப் பாடம் கேட்ட அந்த ஆண்டுகள், பின்னால் நடந்த அனைத்துக்கும் அடித்தளம் இட்டன.

அடுத்து வந்தது ஆயரின் துணிச்சலான முடிவு. குருக்கள் தட்டுப்பாடு எப்போதும் இருந்த காலத்தில், பங்குக்கு அனுப்பியிருக்க வேண்டிய ஒருவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். முப்பதைத் தாண்டிய வயதில் 1945-இல் அடிகளார் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தமிழில் முதுகலையும், அதைத் தொடர்ந்து ஆய்வுப் பட்டமும் பெற்று 1949-இல் வெளியேறினார்.

சிதம்பரத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், சங்கப் பாடல்களில் இயற்கை. குறிஞ்சி முதலான திணைகளில் மலையும் கடலும் பொழுதும் புள்ளும் வெறும் பின்னணியாக நிற்பதில்லை. மாந்தரின் அக உணர்வோடு இணைந்தே வருகின்றன என்பதை அவர் விளக்கினார். இதைத் தமிழறிஞர் பலர் அறிவர். அவர் அதைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு நிறுத்தி ஒப்பிட்டதுதான் புதுமை. வெர்ஜிலைக் குருமடத்தில் மூல மொழியிலேயே படித்திராத ஒருவருக்கு அது இயலாது. அந்த ஆய்வு முதலில் 1950களின் தொடக்கத்திலும், விரிவாக்கப்பட்டு 1966-இல் 'லேண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி' என்ற தலைப்பிலும் ஆங்கில நூலாக வந்தது. தமிழ் தெரியாத வெளிநாட்டு வாசகரைச் சங்க இலக்கியத்துக்குள் அழைத்துச் செல்ல அது இன்றும் தகுந்த நூல்.

கழகமும் இதழும்

1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1949-க்குப் பின் கீழை நாடுகளிலும் அமெரிக்காவிலும் பயணம் செய்து தமிழ்ப் பண்பாடு பற்றிச் சொற்பொழிவாற்றினார். போன இடமெல்லாம் ஒரே குறையைக் கண்டார். இந்தியவியல் என்ற பெயரில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நடத்திய துறைகளில் வடமொழியே மேலோங்கி இருந்தது. தமிழைப் பற்றி அறிய விரும்பிய பேராசிரியர்களுக்குக் கூடத் தாம் படிக்கக்கூடிய மொழியில் தரமான ஆய்விதழ் இல்லை. அதற்கு விடையாக 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழில் நடத்தாமல் ஆங்கிலத்தில் நடத்தியதற்காக யாரும் குறை சொல்ல முடியாது; யாரை எட்ட வேண்டுமோ அவர்களின் மொழியில் பேசினார். நற்செய்திப் பணியில் பயின்ற ஒருவருக்கு இது இயல்பாகவே வந்திருக்க வேண்டும். அதே ஆண்டில் தமிழ் வாசகருக்கென 'தமிழ்த்தூது' என்ற கட்டுரைத் தொகுப்பையும் வெளியிட்டார்.

1952-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகச் சேர்ந்தார். தமிழ்த்துறையில் அல்ல என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் அந்தத் துறையும் வீணாகவில்லை. பாணரும் புலவரும் பண்டைத் தமிழகத்தில் ஆசிரியர்களாகவும் இருந்தனர் என்ற கோணத்தில் பழந்தமிழ் இலக்கியத்தின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1956-இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது, தமிழரின் மொழியுரிமை பற்றிப் பேசினார், எழுதினார். அரசியல் கட்சி மேடைக்கு உரியவராக ஆகாமலேயே அதைச் செய்தார்.

அலமாரிகளில் கிடந்த தமிழ்

அடிகளாரின் பணிகளில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஐரோப்பிய நூலகங்களில் அவர் செய்த தேடல். போர்த்துக்கீசியமும் இலத்தீனும் அறிந்தவர், திருச்சபை ஆவணங்கள் எங்கே, எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்று தெரிந்தவர், தமிழும் தேர்ந்தவர் என்ற மூன்று தகுதிகளும் ஒரே ஆளிடம் அமைவது அரிது.

லிஸ்பனில் அவர் பார்த்து எழுதிய 1554-ஆம் ஆண்டு 'கார்த்திலா' ஒரு சிறு செபநூல். கறுப்பும் சிவப்புமாக அச்சிட்ட அதன் பக்கங்களில் தமிழ்ச் செபங்கள் உரோம எழுத்தில் நிற்கின்றன. கூடவே போர்த்துக்கீசியப் பொருளும் தரப்பட்டிருக்கிறது. அதை ஆக்கித் தந்தவர்களின் பெயர்களும் நூலில் உள்ளன: விசேந்தே த நசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ். மூவரும் நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள். அதாவது தமிழ் அச்சின் முதல் பக்கங்களில் பெயர் பெற்றிருப்பவர்கள் கடல் கடந்து போன நம்மவர்கள். இதைத் தமிழுலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அடிகளார்.

வத்திக்கான் நூலகத்தில் அவர் கவனத்துக்கு வந்தவை இன்னும் பெரியவை. ஒன்று, அன்ரிக் அடிகளார் எழுதி 1586-இல் அச்சான 'அடியார் வரலாறு'. மற்றொன்று, அந்தாவ் த புரோயென்சா தொகுத்து, அவர் இறந்த பின் 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி. 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த அகராதியைத் தனிநாயகம் அடிகளார் 1966-இல் கோலாலம்பூரிலிருந்து நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். 'அடியார் வரலாறு' 1967-இல் இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் அவர்களின் பதிப்பாக வந்தது. வெளியிட்டது தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம். அன்ரிக் அடிகளார் உழைத்து மடிந்த முத்துக்குளித்துறைக்கே அவருடைய நூல் 381 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தது.

அன்ரிக்கும் தெ நோபிலியும் வீரமாமுனிவரும் மறைபரப்பும் பொருட்டுத் தமிழுக்கு வந்தவர்கள். தமிழராகவே பிறந்த தனிநாயகம் அடிகளாருக்கு அந்தத் தேவை இல்லை. தம் மக்களின் மாண்பை அவர்களுக்கும் உலகுக்கும் எடுத்துக் காட்டுவதையே அவர் பணியாகக் கொண்டார்.

கோலாலம்பூரும் மன்றமும்

1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். இந்தியச் சிந்தனையும் உரோமானிய ஸ்தோயிக்க மெய்யியலும் பற்றி அங்கு அவர் ஆற்றிய தொடக்கவுரை, குருமடப் படிப்பும் தமிழ்ப் படிப்பும் ஒன்றாகக் கலந்ததற்கு நல்ல சான்று.

1964 ஜனவரியில் புதுதில்லியில் 26-ஆவது பன்னாட்டுக் கீழைத்தேயவியல் மாநாடு கூடியது. அதற்கு வந்திருந்த தமிழ், திராவிட மொழி ஆய்வாளர்களை ஜனவரி 7 அன்று தனியே கூட்டி, வ. அய். சுப்பிரமணியம் அவர்களோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார். பிரான்சின் ஃபிலியோசா தலைவர். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபிலும் பொதுச் செயலர்கள். தலைமையை வெளிநாட்டறிஞர் ஒருவரிடம் தந்தது கவனிக்க வேண்டிய செயல். தமிழாய்வு என்பது தமிழர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளும் முயற்சி அல்ல என்று அது உலகுக்குச் சொன்னது.

முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில், இரண்டாவது 1968-இல் சென்னையில், மூன்றாவது 1970-இல் பாரிசில், நான்காவது 1974-இல் யாழ்ப்பாணத்தில் நடந்தன. யாழ்ப்பாண மாநாட்டின் நிறைவு நிகழ்ச்சியில் காவல்துறை தலையிட்டதும், மக்கள் உயிரிழந்ததும் ஈழத்தமிழர் மனத்தில் ஆறாத வடு. அந்த மண்ணிலேயே 1980 செப்டம்பர் 1 அன்று அடிகளார் மறைந்தார். ஐந்தாவது மாநாடு சில மாதங்களில் மதுரையில் அவர் இல்லாமலே கூடியது.

குறையும் நிறையும்

அடிகளாருடைய பணியில் குறையே இல்லை என்று சொன்னால் அது புகழுரையாகிவிடும். அமைப்புகளை உருவாக்கவும் அறிஞர்களை இணைக்கவும் அவர் செலவிட்ட ஆண்டுகள், அவர் எழுதியிருக்க வேண்டிய நூல்களை விழுங்கிவிட்டன. தமிழ் அச்சின் முழு வரலாற்றை எழுத அவரைவிடத் தகுதியானவர் அன்று இல்லை. அதை அவர் எழுதவில்லை. கட்டுரைகளாகவே அந்த அறிவு சிதறிக் கிடக்கிறது. அவர் தொடங்கிய மாநாடுகளும் நாளடைவில் ஆய்வரங்கைவிட ஊர்வலத்துக்குப் பெயர்பெற்றன. ஆனால் அந்தப் பழி தொடங்கியவரைச் சேராது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என் விடை இது. தமிழ்ப்பணி அவருடைய குருத்துவத்துக்கு உள்ளேதான் நிகழ்ந்தது. குருமடம் தந்த இலத்தீன் இல்லாமல் சங்கக் கவிதை ஒப்பீடு இல்லை. திருச்சபை ஆவணங்களோடு பழக்கம் இல்லாமல் லிஸ்பன் தேடல் இல்லை. ஆயரின் இசைவு இல்லாமல் சிதம்பரமும் இல்லை, கோலாலம்பூரும் இல்லை. ஒரு மறைமாவட்டக் குருவால் ஆயரின் அனுமதியின்றி பல்கலைக்கழகப் பதவியில் நீடிக்க முடியாது. ஆகவே அடிகளாரின் ஒவ்வொரு ஆண்டுப் பணியிலும் தூத்துக்குடி மறைமாவட்டத்தின் விட்டுக்கொடுத்தலும் அடங்கியிருக்கிறது. பங்குத்தளங்களில் ஆள் இல்லாத நாள்களிலும் அந்த மறைமாவட்டம் அவரைத் திரும்ப அழைக்கவில்லை. அதற்காகத் தமிழுலகம் நன்றி சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கும் ஆயர்களுக்கும் குருமட அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பழைய பங்கு இல்லங்களில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளும், அச்சேறாத அம்மானைகளும், பழைய செபநூல்களும் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படித்துப் பொருள் சொல்லத் தமிழும் இலத்தீனும் போர்த்துக்கீசியமும் ஒருசேர அறிந்தவர்கள் வேண்டும். மறைமாவட்டத்துக்கு ஒரு குருவையாவது பங்குப் பொறுப்பிலிருந்து விடுவித்து இதற்கென அனுப்புங்கள். அடிகளாருக்கு இன்னொரு சிலை வைப்பதைவிட அது பெரிய நினைவுச் சின்னமாக இருக்கும்.