கழிவுக்கு ஓர் எண்: ரோஜர் ஷெல்டனின் வினையூக்க ஆய்வுகள்

ஒரு வேதிவினையின் தரத்தை மதிப்பிட வேதியியலாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்த அளவுகோல் விளைச்சல், அதாவது கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடிய விளைபொருளில் நூற்றுக்கு எத்தனை பங்கு கைக்கு வந்தது என்னும் கணக்கு. விளைபொருளைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் உப்புகளுக்கும் அமிலங்களுக்கும் இழந்துபோன கரைப்பானுக்கும் அந்தக் கணக்கில் இடமிருக்கவில்லை. அவற்றுக்கு இடம் தந்த அளவீட்டை 1992-இல் முன்வைத்த ரோஜர் ஷெல்டன், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராவதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழில்துறையில் கழித்தவர் என்பது தற்செயலான செய்தி அன்று.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1942-இல் பிறந்த ஷெல்டன், லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஜே கோச்சியிடம் மேலாய்வு செய்தபின், 1969-இல் ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஷெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வினையின் வேகத்தைக் கூட்டிவிட்டுத் தான் செலவாகாமல் மீளும் பொருளே வினையூக்கி. உலோக வினையூக்கிகளைக் கொண்டு கரிமச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் வழிகளே அங்கு அவருடைய ஆய்வுப்பொருளாக இருந்தன. கோச்சியுடன் இணைந்து அவர் எழுதிய நூல் 1981-இல் வெளிவந்தபோது, அவர் டி.எஸ்.எம். குழுமத்தைச் சேர்ந்த ஆண்டெனோ என்னும் நுண்வேதிப்பொருள் நிறுவனத்துக்கு மாறியிருந்தார்.

அத்தகைய பொருள்களின் தயாரிப்பில் விளைச்சல் எதை மறைத்தது என்பதற்கு ஃபுளோரோகுளுசினால் ஒரு சான்று; அது படிப்பெருக்கத் தொழிலிலும் மருந்துத் தயாரிப்பிலும் பயன்பட்ட ஒரு சேர்மம். 1980-களின் நடுப்பகுதிவரை அது பெரும்பாலும் டி.என்.டி. என்னும் வெடிபொருளிலிருந்தே தயாரிக்கப்பட்டது. டி.என்.டி.யைப் புகையும் கந்தக அமிலத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டால் ஆக்சிஜனேற்றி, அதிலிருந்து கார்பன் டைஆக்சைடை நீக்கி, இரும்பையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கொண்டு ஒடுக்கி, இறுதியில் நீராற்பகுத்தால் ஃபுளோரோகுளுசினால் கிடைக்கும். பாடநூல் நோக்கில் இவ்வழியில் பெரிய குறை தெரியாது. ஆயினும் சமன்பாட்டின்படியே 1 கிலோ பொருளுக்கு ஏறத்தாழ 20 கிலோ கழிவு உண்டாக வேண்டும் என்பதும், வினைப்பொருள்களைத் தேவைக்கு மிகுதியாகச் சேர்ப்பதாலும் மிஞ்சிய அமிலத்தை நடுநிலையாக்க வேண்டியிருப்பதாலும் நடைமுறையில் அது 40 கிலோவை எட்டியது என்பதும், கழிவை எடைபோட்டுப் பார்த்தவர்களுக்கே புலப்பட்டன. குரோமியம் கலந்த அக்கழிவை அகற்றும் செலவு பொருளின் விற்பனை விலையையே நெருங்கியபோது, விளைச்சல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த உற்பத்தியைத் தொடர வழியிருக்கவில்லை.

1991-இல் டெல்ஃப்ட்டில் பேராசிரியர் பொறுப்பேற்ற ஷெல்டன், மறு ஆண்டிலேயே இந்த நோக்கை ஈ-காரணி என்னும் எளிய வகுத்தலாக்கினார்: உண்டாகும் கழிவின் எடையை விளைபொருளின் எடையால் வகுக்க வேண்டும், அவ்வளவே. தொழில்துறையின் பிரிவுகளை இதன்படி அவர் வரிசைப்படுத்தியபோது, பலரும் மாசின் உறைவிடமாகக் கருதிய எண்ணெய்ச் சுத்திகரிப்பில் இக்காரணி 0.1 அளவிலும், பேரளவு வேதிப்பொருள்களில் 1 முதல் 5 வரையிலும், நுண்வேதிப்பொருள்களில் 5 முதல் 50 வரையிலும், மருந்துத் தொழிலில் 25 முதல் 100-க்கு மேலும் இருந்தது. மருந்துகளின் மொத்த உற்பத்தி சிறிது என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் நூறு கிலோ கழிவை ஏற்கும் வேதியியலை நேர்த்தியானது என்று எப்படிச் சொல்ல முடியும் என்னும் கேள்வி அதன்பின் தவிர்க்க முடியாததாயிற்று. பல படிகளில் நடக்கும் மருந்துத் தயாரிப்பு, வினையூக்கிக்குப் பதிலாகச் சமன்பாட்டளவில் செலவாகித் தீரும் கனிம வினைப்பொருள்களைச் சார்ந்திருந்ததே இந்நிலைக்கு முதன்மைக் காரணம் என்பது ஷெல்டனின் முடிவு.

அம்முடிவே டெல்ஃப்ட்டில் அவருடைய ஆய்வுக்குழுவின் திசையையும் வகுத்தது. குரோமியத்துக்கு மாற்றாகக் காற்றிலுள்ள ஆக்சிஜனையும், கரிமக் கரைப்பானுக்கு மாற்றாக நீரையும் கொண்டு ஆல்கஹால்களை ஆக்சிஜனேற்றும் முறையை, நீரில் கரையும் பல்லேடியச் சேர்மம் ஒன்றை வினையூக்கியாக்கி, அக்குழு 2000-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. வினை முடிந்தபின் விளைபொருள் தனி அடுக்காகப் பிரிய, வினையூக்கி நீரிலேயே தங்கி மறுபயன்பாட்டுக்கு ஆயத்தமாக இருப்பதே இம்முறையின் சிறப்பு. அதே ஆண்டில், உயிர்களின் வினையூக்கிகளான நொதிகளைக் கரைசலிலிருந்து திரளாக வீழ்படியச் செய்து, அத்திரள்களைக் குறுக்கே பிணைத்துத் திண்மமாக்கும் முறையையும் அவர்கள் அறிவித்தனர். கரைந்த நிலையில் ஒருமுறை பயன்பட்டு வீணாகும் நொதியை வடிகட்டி எடுத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்த இது வழிவகுத்தது.

ஈ-காரணிக்கும் வரம்புகள் உண்டு: சமையல் உப்பும் குரோமிய உப்பும் எடையளவில் அதற்கு ஒன்றே என்பதால், கழிவின் தீங்கைக் குறிக்கும் பெருக்கெண் ஒன்றையும் சேர்க்கலாம் என்று ஷெல்டனே முன்மொழிந்தார். தொடக்கத்தில் நீரை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் வெவ்வேறு முறைகளை ஒப்பிடுவது பொருளற்றுவிடும் என்று கருதியதால். 2007-இல் டெல்ஃப்ட்டில் ஓய்வு பெற்ற பின்னரும் தொடர்ந்த அவருடைய எழுத்துகளில், கரைப்பானும் நீரும் விலக்கப்பட்ட எளிய கணக்கும், இரண்டும் முழுமையாகச் சேர்க்கப்பட்ட கணக்கும் தனித்தனியே இடம்பெறுகின்றன.