மறதியும் ஒரு நோய்

2006ஆம் ஆண்டில் கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் மூட்டுகளைப் பற்றியபடி கூன் விழுந்து நடந்தவர்களை நாம் கண்டோம். சிக்குன்குனியா என்னும் பெயரின் பொருளும் அதுவே. 1952இல் அன்றைய தாங்கனிக்காவில் இந்நோய் பரவியபோது, 'வளைந்துபோவது' என்று மகோண்டே மக்கள் தம் மொழியில் இட்ட பெயர் அது. நாமோ, பெயரில் 'சிக்கன்' ஒலித்ததைக் கேட்டுக் கோழிக்கறியை ஐயுற்றோம்.

உண்மையில் இது தமிழகத்துக்குப் பழைய நோய். 1964இலேயே சென்னையிலும் வேலூரிலும் பரவியது. 1973இல் மகாராட்டிரத்தின் பார்சியில் தலைகாட்டியபின் ஏறத்தாழ 32 ஆண்டுகள் பெரிதாக வெளிப்படவில்லை. அதற்குள் அதன் பெயரையே மறந்துவிட்டோம். 2005இல் ஆப்பிரிக்க வகை வைரசாக அது திரும்பியது. மறு ஆண்டில் நாடெங்கும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது.

இதைப் பரப்பும் ஏடிசு கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டில் தேங்கும் நல்ல நீரையே நாடுகிறது. குழாய்நீர் வரும் நாளுக்குக் காத்திருந்து, அண்டாவிலும் தொட்டியிலும் நிரப்பிவைக்கும் கொங்குநாட்டுச் சிக்கனமே அதற்குப் புகலிடமாயிற்று. தண்ணீர் வற்றினாலும், தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே மூடிவைப்பதோடு நில்லாமல், வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். அடுத்த தலைமுறைக்கு நாம் சொல்லிவைக்க வேண்டிய வரலாறு இதுவே.