மனசுக்கு யார்கிட்ட போறது? மூணு பேரோட கதை

"சார், எட்டு மாசமா கவுன்சிலிங் கூட்டிட்டுப் போறோம். ஒண்ணும் மாறல." ஓபியில் ஓர் அம்மா. பையனுக்கு 19 வயசு. "படிப்புல கவனம் இல்ல"ன்னுதான் அங்கே சேர்த்திருக்காங்க. தனியா உட்கார வச்சுக் கேட்டேன். எட்டு மாசமா காதுல யாரோ திட்டுற குரல் கேக்குதாம். அன்னைக்கே மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன்.

அந்த அம்மா மேல தப்பே இல்லை. யார் எதுக்குன்னு நாம சொன்னதில்லை. இந்த மூணு தொழிலும் எப்படிப் பிறந்துச்சுன்னு பார்த்தா தானா புரிஞ்சிடும்.

1. மனநல மருத்துவர்
இவர் மருத்துவமனைக்குள் பிறந்தவர். மெட்ராஸில் 1794-லேயே மனநோயாளிகளுக்கான விடுதி வந்தது. 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அந்தக் காலத்துல பெரும்பாலும் அடைச்சு வச்சுப் பார்த்துக்கத்தான் முடிஞ்சது. 1952-ல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தாங்க. அதுவரை மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்த மருந்து அது. அதுக்கப்புறம்தான் வீட்டுக்குத் திரும்பி வாழ முடியும்ங்கிற நிலை பலருக்கு வந்தது.

2. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்
1896-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், எழுத்துக்கூட்டத் திணறிய ஒரு பையனை லைட்னர் விட்மரிடம் கூட்டி வந்தாங்க. முதல் உளவியல் கிளினிக் அப்படித்தான் ஆரம்பிச்சது. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு, மனசு காயப்பட்ட வீரர்கள் திரும்பினப்போ இந்தப் படிப்பு பெருசா வளர்ந்தது. பரிசோதனையும் பேச்சு சிகிச்சையும் இவங்க பலம். மருந்து எழுத மாட்டாங்க.

3. கவுன்சிலர்
1908-ல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ், இளைஞர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க உதவ ஓர் அலுவலகம் திறந்தார். கவுன்சிலிங்குக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். நோய் இல்லாத, ஆனா குழப்பத்தில் இருக்கிறவங்களுக்கானது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2017 மனநலச் சட்டம் மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் யார்னு தனித்தனியா வரையறுக்குது. அந்தப் பட்டியலில் "கவுன்சிலர்" இல்லை. அதனால போர்டைப் பார்த்துப் போகாதீங்க, படிப்பைக் கேளுங்க.

▪ குரல் கேக்குது, தேவையில்லாத சந்தேகம், நாள்கணக்கா தூக்கமில்லை, சாகணும்னு எண்ணம்: நேரா மனநல மருத்துவர். எம்.டி. அல்லது டி.பி.எம். இருக்கான்னு பாருங்க.
▪ பதற்றம், பயம், குழந்தைக்குக் கற்றல் சிரமம்: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். ஆர்.சி.ஐ. பதிவு எண் கேளுங்க.
▪ வேலை, படிப்பு, உறவுக் குழப்பம்: பயிற்சி பெற்ற கவுன்சிலர் போதும்.
▪ எதுன்னு தெரியலையா? முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க. தைராய்டு குறைஞ்சாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும்.

மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் போட்டி இல்லை. பல பேருக்கு மருந்தும் வேணும், பேச்சு சிகிச்சையும் வேணும். நல்ல கவுன்சிலருக்கு அடையாளமே, "இது என் கையில இல்ல, டாக்டரைப் பாருங்க"ன்னு நேரத்துக்குச் சொல்றதுதான்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு, காசு வேண்டாம். ராத்திரி அவசரம்னா 14416, டெலி மனாஸ். கூச்சப்படாம கூப்பிடுங்க.